சிகிச்சைக்குப் பின்: ஓய்வா, நடையா?

"அக்கா, நீ எழுந்திருக்காதே. என்ன வேண்டுமோ கேள், நான் கொண்டுவந்து தருகிறேன்."

2023-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒலித்த சொற்கள் இவை. சொன்னவன் நான்தான். என் தமக்கைக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, ஆறு தவணை மருந்து ஏற்றி, அதன்பின் மூன்று வாரம் கதிர்வீச்சும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டி போய்விட்டது, இனி வேண்டியது ஓய்வு ஒன்றே என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம். அம்மா கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார். அத்தான் தையல் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளி வைத்தார். தண்ணீர்க் குடத்தை அக்கா தொடவே கூடாது என்று கட்டளை பிறந்தது.

இரண்டு மாதங்கள் கழிந்தன. இவ்வளவு ஓய்வுக்குப் பிறகு களைப்புக் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. கொல்லைப்புறம் போய்த் திரும்பினாலே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "படுத்தே கிடக்கிறேன், ஆனாலும் சோர்வு தீரவில்லையே. நோய் உள்ளேயே இருக்கிறதோ தம்பி?" என்று ஒருநாள் இரவு கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது, டாக்டர் அம்மையார் தாள்களை எல்லாம் புரட்டிப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு, "தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கேள்விக்குப் பின்னே இருக்கும் அறிவியலைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. இயற்பியல் ஆசிரியனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இறைப்பி, அழுத்தம், ஆற்றல், இடைநிலை அளவு என்று நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதுபவைதாம் இதில் பெரும்பாலும் வருகின்றன.

படுக்கை உடலுக்குச் செய்வது என்ன?

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்களை, ஏறக்குறைய இருபது வயதினரை, மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும், கடுமையாக உழைக்கும்போது அவர்கள் உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். மூன்றே வாரத்தில் அந்த அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது! முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரை மீண்டும் அழைத்து அளந்தார்கள். ஐம்பது வயதை எட்டியிருந்த அவர்களிடம் முப்பதாண்டு முதுமை ஏற்படுத்தியிருந்த குறைவைவிட, இளமையில் மூன்று வாரப் படுக்கை ஏற்படுத்திய குறைவே பெரிதாக இருந்தது.

காரணம் என்ன? இதயத்தை ஒரு நீரிறைக்கும் இயந்திரமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு துடிப்பில் அது ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால், 70-ஐ 70-ஆல் பெருக்க 4,900 மில்லிலிட்டர். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். நாம் படுத்தே இருந்தால் உடலில் இரத்தத்தின் கன அளவு குறைகிறது. இதயத்தில் வந்து நிரம்பும் இரத்தமும் குறைகிறது. ஆகவே ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு சிறுத்துப் போகிறது. முன்பு செய்த அதே வேலைக்கு இதயம் இப்போது கூடுதல் முறை துடித்தாக வேண்டும். கால் தசைகளும் மெலிகின்றன. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா எனும் நுண்ணிய உலைகளின் திறனும் மங்குகிறது. கொல்லைப்புறம் போய் வருவதே மலையேற்றமாகிவிடுகிறது.

இது நலமுள்ளவர்களின் கதை. புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவரிடம் இன்னும் பல காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. மருந்துகள் இரத்தச் சிவப்பணுக்களைக் குறைக்கலாம். சில மருந்துகள் இதயத் தசையையே பாதிப்பதுண்டு. கதிர்வீச்சின் களைப்பு நாளுக்கு நாள் கூடி, கடைசி வாரங்களில் மிகுந்து, முடிந்த பிறகும் சில வாரம் நீடிக்கும். இக்களைப்பு வயலில் வேலை செய்துவிட்டு வருபவரின் களைப்புப் போன்றதன்று. உறங்கி எழுந்தால் தீர்ந்துவிடாது. தீரவில்லையே என்று நோயாளி மேலும் படுக்கிறார்; படுப்பதால் மேலும் களைக்கிறார். நாங்கள் அன்பின் பெயரால் அக்காவை இந்தச் செக்கில்தான் கட்டியிருந்தோம்.

இதை முதலில் துணிந்து சோதித்தவர்களுள் செவிலியர் இருவர் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த மேரி மெக்விக்கர், மேரில் வின்னிங்ஹாம் என்போர், மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பெண்களை நிலைமிதிவண்டியில் வாரம் மும்முறை மிதிக்கச் செய்தார்கள். பத்து வாரத்தில் அப்பெண்களின் உழைக்கும் திறன் தெளிவாகக் கூடியது. 1989-இல் இம்முடிவு வெளியாயிற்று. "நோயாளிக்கு ஓய்வு" என்பதே விதியாக இருந்த காலத்தில், மருந்து உடலில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மிதிவண்டி மிதிக்கச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இதைப் படித்த அன்று மாலை நான் செய்த முதல் வேலை, மூலையில் கிடந்த தையல் இயந்திரத்தின் துணியை விலக்கியது. அதுவும் மிதிக்கும் பொறிதானே?

குடம் தூக்கலாமா?

தையல் இயந்திரத்தை ஒப்புக்கொண்ட அம்மா, குடத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "கை வீங்கிவிடும்" என்றார். அது வீண் அச்சம் அன்று. பல ஆண்டுகள் மருத்துவர்களே அப்படித்தான் கூறிவந்தார்கள். ஏன் என்று பார்ப்போம்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதி, நிணநீர் என்ற பெயரில் தனிக் குழாய்கள் வழியே மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. கையின் நிணநீர் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வழியாகச் செல்கிறது. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்றாதலால், அறுவையின்போது அம்முடிச்சுகள் சிலவற்றை எடுக்க நேரிடுகிறது. பாதை குறுகிவிடுகிறது. சிலருக்கு நீர் தேங்கிக் கை வீங்குகிறது. அந்தக் கைக்கு வேலை கொடுத்தால் இரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும், வீக்கம் வரும் என்று கணக்கிட்டார்கள். கணக்குச் சரியானது போலத்தான் தோன்றுகிறது.

ஆனால் அதில் விட்டுப்போன ஓர் உறுப்பு உண்டு. நிணநீருக்கு இதயம் போன்ற இறைப்பி கிடையாது. குழாய்ச் சுவர்கள் மெல்லச் சுருங்குகின்றன. உள்ளே ஒருவழி அடைப்பிதழ்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள தசைகள் இறுகித் தளரும்போதெல்லாம் குழாய் பிழியப்பட்டு நீர் முன்னே தள்ளப்படுகிறது. ஆழ்ந்த மூச்சும் நெஞ்சறையின் அழுத்தத்தை மாற்றி அதை மேலே இழுக்கிறது. அசையாத கை, பிடி அசைக்கப்படாத அடிகுழாயைப் போன்றது.

கனடாவில் வான்கூவர் நகரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர், 1996-இல் இதை வெளிப்படையாகவே சோதித்துவிட்டார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து, டிராகன் படகு என்னும் நீண்ட சீனப் படகில் துடுப்புப் போடப் பயிற்சி கொடுத்தார். துடுப்பு வலித்தல் என்பது தோளும் கையும் ஓயாது உழைக்கும் வேலை. புதிதாக ஒருவருக்கும் கை வீங்கவில்லை. ஏற்கெனவே வீக்கம் இருந்தவர்களுக்கும் அது மிகவில்லை. சோதனை முடிந்த பிறகும் அப்பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். இன்று பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் இருக்கின்றன.

இருபத்து நான்கு பேரை வைத்துச் சட்டம் இயற்ற முடியாது என்று நீங்கள் சொல்லலாம். ஞாயமே. கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி எடை தூக்கும் பயிற்சி அளித்தார். ஓராண்டு முடிவில், 2009-இல் வெளியான கணக்கின்படி, வீக்கம் முற்றி மருத்துவம் தேவைப்பட்டவர்கள் பயிற்சிக் குழுவில் நூற்றுக்கு 14 பேர். மற்றக் குழுவில் 29 பேர். "படிப்படியாக" என்ற சொல்லை மறந்துவிடலாகாது. முதல் நாளே நிறைகுடம் தூக்கியவர் எவரும் அந்த ஆய்வில் இல்லை.

அக்காவுக்கு இயன்முறைப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தது சுவரேற்றம். சுவரைப் பார்த்து நின்று, இடக்கை விரல்களை எறும்பு ஊர்வதுபோல் மெல்ல மேலே நகர்த்த வேண்டும். வலிக்கும் முன், இழுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நாட்காட்டி மாட்டிய சுவரில் அக்கா எட்டிய உயரத்தை நான் பென்சிலால் கோடிட்டு நாள் குறித்தேன். வலக்கை எட்டும் உயரத்திலும் ஒரு கோடு போட்டு வைத்தோம். அக்காவின் மகன் சிறுவனாக இருந்தபோது வளர்த்தி குறித்த கோடுகள் அதே சுவரில் மங்கலாக இருந்தன.

விளக்கை அணைத்தால் ஒளி தங்குமா?

இடையே ஒன்று சொல்ல வேண்டும். அக்கா வெளியே நடக்கத் தொடங்கியபோது தெருவில் இரண்டொருவர் தம் குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். "கரண்டு வைத்த உடம்பு, கதிர் வீசும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இது என் பாடமாயிற்றே! விடுவேனா?

உடலுக்கு வெளியே உள்ள கருவியிலிருந்து பாய்ச்சப்படும் எக்ஸ் கதிர், கைவிளக்கின் ஒளியைப் போன்றது. சுவரில் ஒளி பாய்ச்சி விளக்கை அணைத்த பிறகு, சுவரில் ஒளி தங்கியிருக்கிறதா? கருவி நின்றதும் கதிரும் நின்றது. கதிர் செய்த வேலை செல்களின் மரபுப்பொருளில் இருக்கும், கதிர் இராது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கச் செய்வது போன்ற சில சிகிச்சைகள் வேறு வகை. அவற்றில் சில நாட்கள் குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருக்கும்படி மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் திண்ணையில் அமர்ந்து இதைக் கைவிளக்கோடு விளக்கினேன். மறுநாள் அவர் பேத்தி, பள்ளிச் சீருடையின் பொத்தான் தைக்க அக்காவிடம் வந்தாள். நடைப்பயிற்சியைவிட அன்று அக்காவுக்குத் தெம்பு தந்தது அந்தப் பொத்தான் என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு நடப்பது?

எங்கள் தெருவில் இரு மின்கம்பங்களுக்கு இடையே சுமார் 30 மீட்டர். அதையே அலகாகக் கொண்டோம். முதல் நாள் ஒரு கம்பம் போய்த் திரும்புதல். மூன்று நாள் அது எளிதாக இருந்தால் மற்றொரு கம்பம். முடியாத நாளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். வாசல்படி வரையாவது போய் வர வேண்டும். மூன்று கம்பம் நடந்து முடித்ததும் முதலில் நாடித்துடிப்பு 128 இருந்தது. ஆறு வாரம் சென்று, அதே தூரம், அதே வேகம், 104. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் அளவு மெல்லக் கூடியிருக்கிறது என்பதை வேறு எப்படி ஒரு வீட்டில் அளந்து காட்ட முடியும்? அக்கா அந்த எண்ணை நாட்காட்டித் தாளில் தானே எழுதிக்கொண்டாள்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேச முடியாவிட்டால் மிகை. 2019-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையின்படி, இத்தகைய மிதமான உழைப்பை ஒரு வேளைக்கு அரைமணி, வாரம் மூன்று முறை, இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்தாலே களைப்பு, கவலை, மனச்சோர்வு ஆகியவை குறைகின்றன.

நடை களைப்பைத்தான் குறைக்குமா, நோய் திரும்புவதையும் தடுக்குமா? நெடுங்காலம் இதற்கு உறுதியான விடை இல்லாதிருந்தது. 2025-இல் ஒரு விடை வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், இதில் சேர்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு நல்வாழ்வு பற்றிய நூல்கள் மட்டும். மறு பாதியினருக்கு அவற்றுடன் மூன்றாண்டு மேற்பார்வையிட்ட உடற்பயிற்சி. எட்டு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோர் நூல் குழுவில் நூற்றுக்கு 83; பயிற்சிக் குழுவில் 90. ஐந்தாண்டுவரை நோய் திரும்பாதிருந்தோரும் பயிற்சிக் குழுவிலேயே மிகுதி. தசை வலியும் மூட்டு வலியும் அக்குழுவில் சற்றுக் கூடுதலாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் கூடுதலாகச் செய்த உழைப்பு எவ்வளவு? நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை ஒரு 'மெட்' என்பார்கள். விரைவான நடை சுமார் 4 மெட். அவர்களுக்கு வைத்த இலக்கு வாரத்துக்குக் கூடுதலாக 10 மெட்-மணி. பத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை மணி. நாளைக்கு அரைமணி வீதம் வாரத்தில் ஐந்து நாள் விரைந்து நடப்பது. இம்முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கு உரியது. அப்படியே எல்லாப் புற்றுநோய்க்கும் பொருத்திவிடுவது அறிவியலாகாது. அக்காவிடமும் அப்படியேதான் சொன்னேன்.

காய்ச்சல் இருக்கும் நாளில் நடக்கக்கூடாது. நெஞ்சு வலி, தலைசுற்றல், திடீர் மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். எலும்பில் நோய் பரவியவர்களுக்கும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும் எந்தப் பயிற்சி தகும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். யாராயினும் முதல் கம்பத்துக்குப் புறப்படும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அழுதால் நோய் திரும்புமா?

நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "மனத்தைத் திடமாக வைத்துக்கொள், தைரியசாலியை இந்த நோய் அண்டாது" என்று சொல்லிப் போனார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். அன்றிரவு அக்கா கேட்டாள்: "நேற்று நான் அழுதேன் தம்பி. அதனால் திரும்பி வந்துவிடுமா?"

நம்பிக்கை வேண்டும் என்று சொல்பவர்கள், அது இல்லாத நாளில் நோயாளியின் தலையில் எவ்வளவு பெரிய பழியை ஏற்றுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் மனநிலையையும் வாழ்நாளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007-இல் வெளியாயிற்று. மகிழ்ந்திருந்தோர் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்றோ, வருந்தியவர் விரைவில் இறந்தார்கள் என்றோ அதில் காணப்படவில்லை. முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடி மனம் விட்டுப் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989-இல் ஓர் ஆய்வு கூறியது. 2001-இல் பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனத்துயரும் வலியும் குறைந்தன. வலி குறைவது சிறிய பயனா? எனவே, "தாராளமாக அழு அக்கா" என்றேன்.

அப்படியானால் நம்பிக்கைக்கு எதைப் பற்றிக்கொள்வது? இங்கே எனக்கு உதவியவர் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற உயிரியல் அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1982-இல், நாற்பது வயதில், அவருக்கு வயிற்று உறையில் மிகக் கொடிய ஒருவகைப் புற்றுநோய் கண்டது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று எழுதியிருந்தது. பெரும்பாலோர் இதை "எனக்கு இன்னும் எட்டு மாதம்" என்று படிப்பார்கள். புள்ளியியல் அறிந்த கூல்ட் அப்படிப் படிக்கவில்லை.

பதினொரு நோயாளிகளை வாழ்நாள் வரிசையில் நிறுத்துங்கள். நடுவில் நிற்கும் ஆறாமவரின் எண்தான் இடைநிலை. அவருக்கு இடப்பக்கம் உள்ள ஐவரும் பூச்சியத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள்; அங்கே சுவர் இருக்கிறது. வலப்பக்கம் சுவர் இல்லை. அந்த ஐவரில் ஒருவர் ஓராண்டில் நிற்கலாம், இன்னொருவர் பத்தாண்டில் நிற்கலாம். தாம் இளையவர், நோய் தொடக்கத்திலேயே தெரிந்தது, நல்ல மருத்துவம் கிடைக்கிறது. ஆகவே வலப்பக்க நீள்வாலில் இருக்கத் தமக்குக் காரணங்கள் உண்டு என்று அவர் கணித்தார். 1985-இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். நோய் கண்டபின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் காலமானார்.

கூல்ட் தமக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொள்ளவில்லை. எண்ணைச் சரியாகப் படித்தார், அவ்வளவே. அக்காவுக்குப் பட்டப்படிப்பு இல்லை. ஆனால் தையல்காரிக்கு அளவுநாடாவைப் பற்றி நான் என்ன சொல்லித்தர? பதினொரு பொத்தான்களை வரிசையாக வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டாள். கடைசிப் பொத்தானைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் வைத்திருந்தாள்.

இப்போது அக்கா தெருக்கோடிவரை, பதினேழு கம்பம், போய் வருகிறாள். அரைக்குடம் தண்ணீர் தூக்குகிறாள். அம்மா பார்க்காதவாறு திரும்பிக்கொள்கிறார். சுவரில் இடக்கைக் கோடு வலக்கைக் கோட்டுக்கு இன்னும் இரண்டு விரற்கடை கீழேயே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாக உறக்கம் வருவதில்லை. பேருந்து காலை ஏழு மணிக்கு. அக்கா ஐந்தரைக்கே எழுந்து நடக்கப் போய்விடுகிறாள்.